கேசட்டா, சி.டி.யா, ரிக்கார்டா, போனா? பாட்டுக் கேட்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பழைய கேசட்டுகளையும் இசைத்தட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் வேலை செய்கிறேன். கேசட் கொண்டுவருபவர்களில் பாதிப் பேர் கூடவே ஒரு சந்தேகத்தையும் கொண்டுவருகிறார்கள். உசிலம்பட்டியிலிருந்து வருபவர் கேட்பதும் அண்ணா நகரிலிருந்து வருபவர் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விதான். அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படித்தால் நல்லது.

"எல்லாத்துலயும் எதுண்ணே நல்ல சவுண்டு? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

சி.டி. அளந்து பார்த்தால் அதுதான். 1982-ல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து கொண்டுவந்தபோதே, மனிதக் காது கேட்கும் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை மொத்தத்தையும் அதில் அடக்கிவிட்டார்கள். அது தாங்கும் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடைவெளி 96 டெசிபல். நல்ல எல்.பி. ரிக்கார்டில் இது 60, 70 இருக்கும். சாதாரணக் கேசட்டில் 50 சொச்சம்.

ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு கிளம்பிப் போனால் ஏமாந்துதான் போவீர்கள். உங்கள் காதுக்கு வரும் ஒலியை முதலில் தீர்மானிப்பது, பாட்டை எப்படிப் பதிவு செய்து மெருகேற்றினார்கள் என்பது. அடுத்தது, உங்கள் கையில் இருப்பது எத்தனையாவது காப்பி என்பது. அப்புறம் ஸ்பீக்கரும் அது இருக்கும் அறையும். கேசட்டா சி.டி.யா எம்பி3யா என்பது நாலாவதாகத்தான் வருகிறது. ஜனங்கள் சண்டை போடுவதெல்லாம் அந்த நாலாவதை வைத்துத்தான்.

"எம்பி3ல 128, 320ன்னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?"

ஒரு நொடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் தகவல் செலவாகிறது என்ற கணக்கு. சி.டி.யில் நொடிக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறார்கள். இடது, வலது இரண்டையும் சேர்த்தால் நொடிக்கு 1,411 கிலோபிட். ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 53 எம்.பி. பிடிக்கும். அதே பாட்டு 320-ல் 12 எம்.பி., 128-ல் 5 எம்.பி.க்குள் முடிந்துவிடும்.

பத்தில் ஒன்பது பங்கைக் கழித்த பிறகும் பாட்டு எப்படிப் பாட்டாகவே கேட்கிறது? தவில் ஓங்கி விழும் அந்தக் கணத்தில் பக்கத்தில் யாராவது மெல்லத் தாளம் தட்டினால் நமக்குக் கேட்காது. பெரிய ஒலி தன் அக்கம்பக்கத்துச் சின்ன ஒலிகளை மூடிவிடும். எந்த இடத்தில் எது மூடப்படுகிறது என்று கணக்குப் போட்டு, காதுக்கு எப்படியும் எட்டாததை முதலில் கழிப்பதுதான் எம்பி3-யின் வேலை. 320-ல் கழிப்பதற்கு அவசரமில்லை. 128-ல் இடம் போதாததால் காதுக்கு எட்டுவதிலும் கை வைக்க வேண்டி வருகிறது.

"அப்ப 320க்கும் சி.டி.க்கும் வித்தியாசம் தெரியுமா தெரியாதா?"

ஒழுங்காகச் செய்த 320 என்றால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. எனக்கும் பெரும்பாலான பாட்டுகளில் தெரிவதில்லை. 128-ல் தெரியும், அதுவும் சில இடங்களில் நன்றாகவே தெரியும். பஜனைப் பாட்டில் ஜால்ராவைக் கவனியுங்கள். அசலில் ஒவ்வொரு தட்டும் 'கிளிங்' என்று பிறந்து, நீளமாக ஓய்ந்து போகும். 128-ல் அந்த ஓய்கிற பகுதி சளசளவென்று ஈரமாகக் கேட்கும். கச்சேரி முடிவில் கைதட்டலும் அப்படித்தான், எண்ணெயில் அப்பளம் பொரிவது போல ஆகிவிடும். மிருதங்கத்தில் சாப்பு விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் லேசான ஒரு கரகரப்பு தலைகாட்டும்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். மதுரை மணி ஐயர் மறைந்தது 1968-ல். இன்று நாம் கேட்கும் அவருடைய கச்சேரிகள் பலவும் ரசிகர்கள் அந்தக் காலத்து ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்தவை. அந்தப் பதிவில் மேல்பக்க ஒலி, அதாவது ஜால்ரா மாதிரிக் கூர்மையான ஒலி, பெரிதாக ஏறியே இருக்காது. அதை 128-ல் கேட்டாலும் 320-ல் கேட்டாலும் ஸ்வரத்தில் ஒரு குறையும் வராது.

"தேனி பஸ்ல பென்டிரைவ் பாட்டுக் கேட்டா காது கிழியுதே, அது எம்பி3யாலயா?"

இல்லை. ஆம்ப்ளியின் சக்திக்கு மேல் வால்யூமைத் திருகினால் ஒலி அலையின் உச்சியை அது வெட்டிவிடும். வெட்டுப்பட்ட அலைதான் காதைக் குடைகிறது. அதன்மேல் டிரெபிளையும் பாஸையும் முழுசாக ஏற்றி வைத்திருப்பார்கள். அதே பஸ்ஸில் சி.டி. போட்டாலும் இதே கதிதான்.

"கேசட்டுல 'உஸ்ஸ்'னு ஒரு சத்தம் வருதே, கேசட் கெட்டுப்போச்சா?"

கெடவில்லை, அது கேசட்டின் பிறவிக் குணம். பிலிப்ஸ் 1963-ல் இதை வெளியிட்டபோது பாட்டுக்காக என்று பெரிதாக நினைக்கவில்லை. பேச்சுப் பதிவுக்குப் போதும் என்ற அளவில்தான் இருந்தது. நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அதில் ஏ பக்கத்துக்கு இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு என நான்கு தடங்கள். ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். இவ்வளவு குறுகிய தடத்தில் இவ்வளவு மெதுவாக ஓடினால் காந்தத் துகள்களின் இரைச்சல் கேட்கத்தான் செய்யும்.

அதைக் குறைக்க வந்ததுதான் டால்பி. பதிவு செய்யும்போது மெல்லிய மேல்பக்க ஒலியைத் தூக்கி எழுதி, கேட்கும்போது அதே அளவு இறக்குவார்கள், இரைச்சலும் சேர்ந்து இறங்கிவிடும். டால்பியில் பதிந்த கேசட்டை டால்பி போடாமல் கேட்டால் பாட்டு பளிச்சென்று, கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். டால்பியே இல்லாத கேசட்டுக்கு அந்தப் பட்டனை அமுக்கினால் போர்வைக்குள் பாடுகிற மாதிரி ஆகிவிடும். பல வீடுகளில் அந்தப் பட்டன் எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதே இல்லை.

"எங்கப்பா 85ல பாட்டுப் பதிஞ்சு வாங்கின கேசட் ரொம்ப மந்தமா கேக்குது. நாடா தேஞ்சிருச்சா?"

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். என்னிடம் வரும் கேசட்டுகளில் பாதிக்கு மேல் இந்தப் புகார்தான், நாடாவைக் குற்றம் சொல்ல வேண்டிய இடம் மிகக் குறைவு. அந்தக் காலத்தில் கேசட் கடைகளில் ஒரு தாளில் பாட்டு வரிசையை எழுதி, கூடவே ஒரு டிடிகே அல்லது மெல்டிராக் காலி கேசட்டையும் கொடுத்துவிட்டு வருவோம். இரண்டு மூன்று நாளில் பதிந்து கொடுப்பார்கள். ரிக்கார்டிலிருந்து நேராகப் பதிந்தால் முதல் காப்பி. ரிக்கார்டு தேயக் கூடாது என்று ஒரு தாய்க் கேசட்டில் ஏற்றி, அதிலிருந்து எடுத்தால் இரண்டாவது காப்பி. ஒவ்வொரு காப்பியிலும் இரைச்சல் ஏறும், மேல்பக்க ஒலி குறையும். இப்படிப் போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆனால் மீட்கக்கூடிய ஒன்று இருக்கிறது. டேப் ஹெட்டில் நாடா உரசும் இடத்தில் மிக மெல்லிய ஒரு இடைவெளி உண்டு. அது நாடாவுக்குச் சரியான செங்குத்தில் நிற்க வேண்டும். பதிந்த மெஷினில் அது ஒரு மயிரிழை சாய்ந்திருந்து, உங்கள் மெஷினில் நேராக இருந்தால் மேல்பக்க ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஒரு சின்ன ஸ்குரு இருக்கும். செட்டை மோனோவில் வைத்து, பாட்டு ஓடும்போதே சின்னத் திருப்புளியால் அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக மெல்லத் திருப்புவேன். திடீரென்று 'ச', 'ஸ' எழுத்துகள் திறந்துகொள்ளும், ஜால்ரா வெளியே வரும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடி மூடிக்கொள்ளும். திறந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பதிவை ஆரம்பிக்க வேண்டியதுதான். கேசட்டின் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த நிமிடத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஹெட்டைச் சுத்தம் செய்யுங்கள். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் காபித்தூள் நிறத்தில் அழுக்கு வரும். அந்த அழுக்கு மட்டுமே பாதிப் பாட்டை மறைத்துக்கொண்டிருக்கும்.

"அதே கேசட்டுல சுருதி ஏறிக் கேக்குதே, வேற மெஷின்ல ஏத்துனா சரியாகுமா தம்பி?"

அது மெஷினின் வேகம், கேசட்டின் தரம் அல்ல. வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். ஒன்றரைக் கட்டையில் பாடியவர் இரண்டு கட்டையில் பாடுகிற மாதிரி கேட்கும், குரலும் கொஞ்சம் இளமையாகிவிடும். பெல்ட் தொய்ந்தாலோ, நாடாவை இழுக்கும் ரப்பர் உருளை இறுகிப்போனாலோ சுருதி ஏறி இறங்கி அலையும். தம்புராவும் நாதஸ்வரமும் நீட்டிப் பிடிக்கும் இடத்தில் இந்த அலைச்சல் சட்டென்று தெரியும். டப்பாங்குத்துப் பாட்டில் தெரியவே தெரியாது.

வேகம் ஒரே சீராகக் கூடியிருந்தால் கம்ப்யூட்டரில் ஏற்றியபின் நேராக்கிவிடலாம். பாடகரின் வழக்கமான சுருதி தெரிந்த ஆள் ஒருவர் கூட இருந்தால் வேலை சுலபம். அலைச்சல் இருந்தால் மெஷினைத்தான் முதலில் பழுது பார்க்க வேண்டும்.

"ரிக்கார்டுல கேட்டா ஒரு உயிர் இருக்குன்னு சொல்றாங்களே, நிசமா?"

உயிர் என்று அவர்கள் சொல்லும் அந்த ஒன்றை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அது ரிக்கார்டின் தொழில்நுட்பம் உயர்ந்தது என்பதால் வருவதில்லை. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். எல்.பி. 1948-ல் வந்தது, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. பாஸை அப்படியே வெட்டினால் தடம் பெரிதாக வளைந்து இடத்தைத் தின்றுவிடும் என்பதால் அதைக் குறைத்து, டிரெபிளைக் கூட்டி வெட்டுகிறார்கள். கேட்கும்போது ஆம்ப்ளியில் உள்ள போனோ பகுதி அதைத் தலைகீழாக மாற்றுகிறது. பாஸ் இடதுக்கும் வலதுக்கும் பிரிந்து போனால் ஊசி குதிக்கும், அதனால் அதை நடுவில் சேர்த்துவிடுவார்கள். சத்தத்தையும் ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது. இந்தக் கட்டாயங்களாலேயே பாட்டை நிதானமாக, மூச்சு விட இடம் வைத்து மெருகேற்றினார்கள். அந்த நிதானம்தான் உயிர் என்று கேட்கிறது. ஊசியும் தடமும் சேர்க்கும் லேசான திரிபும் காதுக்கு இதமான வகை.

குறைகளும் இருக்கின்றன. ஓரத்தில் ஊசிக்கு அடியில் தடம் நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடும். உள்ளே லேபிள் பக்கம் வரும்போது 21 சென்டிமீட்டர்தான். அதே பாட்டை எழுத இடம் பாதிக்கும் கீழே போய்விடுவதால் கடைசிப் பாட்டில் 'ஸ' எழுத்துகள் சீறும். உங்கள் வீட்டு எல்.பி.யில் ஒவ்வொரு பக்கத்தின் முதல் பாட்டையும் கடைசிப் பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

"ரிக்கார்டு பிளேயரை ஹோம் தியேட்டர்ல சொருகினேன். சத்தமே இல்ல, வர்றதும் கீச்சுன்னு இருக்கு."

மேலே சொன்ன போனோ பகுதி உங்கள் ஹோம் தியேட்டரில் இல்லை. ஆக்ஸ் துளையில் நேராகச் சொருகியிருப்பீர்கள். தனியாக ஒரு போனோ பிரீஆம்ப் வாங்கி நடுவில் போடுங்கள், அல்லது அது உள்ளேயே இருக்கும் பிளேயராகப் பார்த்து வாங்குங்கள். கூடவே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தால் அது கரண்டின் 50 ஹெர்ட்ஸ். பிளேயரின் எர்த் வயரை ஆம்ப்ளியின் உடம்பில் இருக்கும் திருகில் மாட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

"புது ரிக்கார்டு வாங்கலாமாண்ணே? விலை கூடுதலா இருக்கே."

அட்டைப் படத்துக்காகவும் கையில் எடுத்துப் போடும் சுகத்துக்காகவும் என்றால் வாங்குங்கள். சவுண்டுக்காக என்றால் ஒரு நிமிடம் யோசியுங்கள். இப்போது அச்சாகும் ரிக்கார்டுகளில் பெரும்பாலானவை டிஜிட்டல் மூலத்திலிருந்தே வெட்டப்படுகின்றன. அந்த மூலம் உங்கள் போனிலேயே இருக்கலாம். பெட்டி மாதிரி மூடித் திறக்கும் மலிவான பிளேயரில் போட்டால் கனமான ஊசி தடத்தை வேகமாகத் தேய்க்கும்.

நம் ஊர் வெயிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரிக்கார்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்காதீர்கள், நிமிர்த்தி நிறுத்துங்கள். சித்திரை மாதத்தில் தமுக்கம் பக்கம் காரை நிறுத்திவிட்டு ரிக்கார்டைப் பின் சீட்டில் விட்டுப் போனால் திரும்பி வரும்போது அது தட்டையாக இருக்காது.

"தாத்தாவோட 78 பிளேட் இருக்கு. என்கிட்ட இருக்கிற எல்.பி. பிளேயர்ல போடலாமா?"

அப்படியே போடாதீர்கள். 78-ன் தடத்துக்கு எல்.பி. ஊசியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பருமனான முனை வேண்டும். எல்.பி. ஊசி தடத்தின் அடியில் போய் அழுக்கை உழுதுகொண்டு ஓடும், பாட்டைவிடக் கரகரப்பு கூடுதலாக வரும். 78-க்கான ஊசியைத் தனியாக வாங்கி மாட்டலாம், ஆனால் உங்கள் பிளேயரில் 78 சுற்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அவை அரக்குச் சேர்த்துச் செய்த தட்டுகள். கீழே விழுந்தால் இரண்டாக உடையும், ஆல்கஹால் பட்டால் கரையும். கேசட் ஹெட்டுக்குச் சொன்ன மருந்தை இதில் தொடவே தொடாதீர்கள்.

"திருவிழாவுல குழாய்ல கேட்ட டி.எம்.எஸ். பாட்டு வீட்டுல அந்த மாதிரி வரவே மாட்டேங்குதே, ஏன்?"

எனக்குப் பிடித்த கேள்வி இது. கூம்புக் குழாய்க்குப் பாஸ் வராது, உச்சி ஒலியும் வராது. சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஐந்தாறு ஆயிரம் ஹெர்ட்ஸ் வரைதான் அதன் ராஜ்ஜியம். மனிதக் குரலின் சாரம் முழுவதும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. டி.எம்.சௌந்தரராஜனின் குரலில் சக்தி முழுக்க அங்கேதான் குவிந்திருக்கும். எனவே குழாய் தாளக்கட்டை எல்லாம் உதறிவிட்டுக் குரலை மட்டும் தூக்கி வயல் தாண்டி அனுப்பும். அரை மைல் தள்ளி, காற்றில் மிதந்து, இரண்டு மூன்று குழாய்களிலிருந்து முன்னும் பின்னுமாக வந்து சேர்வதில் ஒரு எதிரொலியும் கிடைத்துவிடும்.

தரம் என்ற அளவுகோலில் குழாய் கடைசி இடம். ஆனால் பாட்டு புரிய வேண்டும் என்பதில் பல பெரிய ஸ்பீக்கர்கள் அதனிடம் தோற்றுப்போகும். வீட்டில் அந்த ருசி வேண்டும் என்றால் பாஸையும் டிரெபிளையும் நன்றாகக் குறைத்துவிட்டு, அடுத்த அறையில் உட்கார்ந்து கேளுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, முக்கால்வாசி வந்துவிடும்.

"எஃப்.எம்.ல கேக்கிறதுக்கும் போன்ல கேக்கிறதுக்கும் எது மேல்?"

நல்ல சிக்னலில் எஃப்.எம். 15,000 ஹெர்ட்ஸ் வரை தரும், அது மோசமில்லை. ஆனால் காரிலும் டீக்கடையிலும் கேட்க வேண்டும் என்பதற்காக மெல்லிய இடங்களையும் சத்தமான இடங்களையும் நெருக்கி ஒரே மட்டமாக்கி அனுப்புவார்கள். திருமங்கலம் தாண்டிப் போகும்போது இரைச்சல் ஏறினால் ரேடியோவை மோனோவுக்கு மாற்றுங்கள், பாதி இரைச்சல் அடங்கும். மத்திய அலையில் மேல்பக்கம் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்குள் முடிந்துவிடும். அதில் செய்தி கேட்கலாம்.

"யூட்யூப்ல 4கேல வச்சா பாட்டும் 4கே தரத்துல வருமா?"

வராது. 4கே என்பது படத்தின் கணக்கு. அதில் ஒலி சுமார் 128 முதல் 160 கிலோபிட் வரைதான் வரும். ஆனால் எம்பி3-யைவிடத் திறமையான சுருக்கும் முறைகள் என்பதால் அது பழைய எம்பி3 128 அளவுக்கு மோசமில்லை. பாட்டை ஏற்றியவர் எங்கிருந்து எடுத்தார் என்பதுதான் பெரிய விஷயம். பழைய கேசட்டிலிருந்து எடுத்ததை '8டி', 'அல்ட்ரா எச்.டி. சவுண்டு' என்று தலைப்புப் போட்டு ஏற்றுகிறார்கள். 8டி என்பது பாட்டைக் காதைச் சுற்றிச் சுழல விடுகிற வித்தை மட்டுமே.

"ஆப்ல லாஸ்லெஸ் போட்டிருக்கேன், புளூடூத் ஹெட்செட்ல கேக்கிறேன். அது சி.டி. தரம்தானே?"

பொதுவாக இல்லை. லாஸ்லெஸ் என்றால் எதையும் கழிக்காத பாட்டு. போன் அந்தப் பாட்டை முழுசாக விரித்து, புளூடூத்துக்காக மறுபடி சுருக்கித்தான் அனுப்புகிறது. சாதாரண எஸ்.பி.சி. முறையில் அதிகபட்சம் ஏறக்குறைய 328 கிலோபிட். எல்.டி.ஏ.சி. என்ற சுருக்கும் முறை இருந்தால் 990 வரை போகும், ஆனால் போன், ஹெட்செட் இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஐபோனில் எஸ்.பி.சி.யும் ஏ.ஏ.சி.யும்தான்.

அதனால் கேட்கச் சகிக்காது என்று அர்த்தமில்லை. 320 பற்றி மேலே சொன்னதே இதற்கும் பொருந்தும். லாஸ்லெஸுக்காக டேட்டாவைக் கொட்டுகிறீர்களே என்றுதான் சொல்கிறேன். ஒயர் ஹெட்போனில் கேட்கும்போது அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

"எங்கிட்ட இருக்கிற எம்பி3யை எல்லாம் ஃபிளாக்கா மாத்தினா தரம் ஏறுமா மாமா?"

ஏறாது, பைல்தான் பெருக்கும். சலித்த மாவைப் பெரிய டப்பாவில் கொட்டினால் போன தவிடு திரும்பி வருமா? ஃபிளாக் என்பது உள்ளே கொடுத்ததை ஒரு துளி குறையாமல் ஏறக்குறைய பாதி இடத்தில் வைத்திருக்கும் பெட்டி. சி.டி.யிலிருந்து நேராக எடுத்து அதில் வைத்தால் பிரயோஜனம்.

இப்படி மாற்றி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருளில் பாட்டைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் பாருங்கள், எத்தனை ஹெர்ட்ஸ் வரை ஒலி இருக்கிறது என்று காட்டும் படம் அது. 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல வெறும் கறுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் 128-ல் ஒரு காலத்தில் இருந்த பாட்டு. பழைய டேப் பதிவுகளில் மட்டும் இந்தச் சோதனை ஏமாற்றும், அங்கே மேலே இயல்பாகவே ஒன்றும் இருக்காது. ஆனால் அது மெல்ல மங்கும், வெட்டுப்படாது.

"24 பிட், 192ன்னு விக்கிறாங்களே, அது சி.டி.யை விட மேலயா?"

192 என்றால் நொடிக்கு 192 ஆயிரம் தடவை அளப்பது. பதிவு செய்யும் இடத்தில் மேல். குரல் எதிர்பாராமல் ஏறினாலும் இறங்கினாலும் 24 பிட்டில் தாராளமாக இடம் இருக்கும், பின்னால் வெட்டி ஒட்டவும் வசதி. கேட்கும் இடத்தில், நொடிக்கு 44,100 அளவு என்பதே 20,000 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் மிச்சமில்லாமல் மீட்டுத் தரும். அதற்கு மேல் இருப்பது வௌவாலுக்குத்தான். ஆனால் சில சமயம் 24 பிட் வெளியீட்டுக்கென்று புதிதாகக் கவனமாக மெருகேற்றியிருப்பார்கள். அப்போது வித்தியாசம் கேட்கும், பெருமை மட்டும் பிட்டுக்குப் போய்விடும்.

"எனக்கு அறுபத்தஞ்சு வயசு தம்பி. இதெல்லாம் என் காதுக்கு எட்டுமா?"

வயது ஏற ஏற மேல்பக்கம் குறையும். உங்கள் வயதில் 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காமல் போவது சாதாரணம். 128-க்கும் 320-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம், பைசா மிச்சம். சுருதி அலைச்சல், இரைச்சல், மந்தம், அளவுக்கு மீறின பாஸ் எல்லாம் உங்களுக்குத் தெரியும். இருபது வயதுப் பையன்களைவிடப் பல பெரியவர்கள் சுருதிக் கோளாறைச் சட்டென்று பிடிக்கிறார்கள். காதைவிடப் பழக்கம் முக்கியம்.

"பழைய சி.டி.யில நல்லா இருந்த பாட்டு, புது ரீமாஸ்டர்ல சத்தமா இருக்கு. ஆனா நாலு பாட்டுக்கு மேல கேக்க முடியலையே?"

முதல் பதிலில் முதலிடம் கொடுத்தேனே, அந்த மெருகேற்றல் சங்கதி இதுதான். மெல்லிய இடங்களைத் தூக்கி, உச்சிகளை அமுக்கி, எல்லாவற்றையும் சத்தத்தின் கூரையில் ஒட்டி வைத்துவிடுகிறார்கள். முதலில் கேட்கும்போது பிரமாதமாகத் தோன்றும். பல்லவிக்கும் சரணத்துக்கும் ஏற்ற இறக்கமே இல்லாததால் கொஞ்ச நேரத்தில் காது சலித்துப்போகும். இதற்கு மருந்து பழைய சி.டி.தான், அதைத் தூக்கிப் போடாதீர்கள். இப்போது யூட்யூப், ஸ்பாட்டிஃபை போன்றவை எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்கு இறக்கிப் போடுவதால், இப்படி அமுக்குவதில் லாபமும் இல்லாமல் போய்விட்டது. பழக்கம்தான் இன்னும் விடவில்லை.

"நீங்க சொல்றதை நம்புறதுக்கு நானே சோதிச்சுப் பாக்கணும். எப்படி?"

உங்கள் சி.டி. ஒன்றிலிருந்து ஒரு பாட்டை எடுத்து, நீங்களே அதை 128-க்கும் 320-க்கும் சுருக்குங்கள். வெவ்வேறு இடத்திலிருந்து இறக்கின பைல்களை ஒப்பிட்டால் மெருகேற்றலைத்தான் ஒப்பிடுகிறீர்கள். மூன்றின் சத்தமும் துல்லியமாக ஒன்றாக இருக்கட்டும். அரை டெசிபல் கூடினாலே நம் மூளை "இதுதான் நல்லா இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிடும். ஒலிக்கருவிக் கடைகளில் விலை கூடின பெட்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக் காட்டுவதன் ரகசியமும் இதுதான்.

அப்புறம் வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, மூன்றில் இரண்டை மட்டும் எடுத்து, எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பத்து தடவை போட்டு, நீங்கள் சொன்னதை எழுதிக்கொள்ளட்டும். ஐந்தாறு சரி என்றால் அது குருட்டாம்போக்கு. ஒன்பது பத்து சரி என்றால் உங்களுக்கு நிஜமாகவே தெரிகிறது.

"கையில பத்தாயிரம் ரூபா இருக்கு. எதுல போட்டா சவுண்டு கூடும்?"

முதலில் ஒன்றும் வாங்காமல், இருக்கும் ஸ்பீக்கரை மூலையிலிருந்து ஓரடி வெளியே இழுத்து, காது உயரத்துக்கு ஏற்றி வைத்துக் கேளுங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமான ஹாலில் ஒரு ஜமக்காளத்தை விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டால் எதிரொலி குறைந்து பாட்டு வரி புரிய ஆரம்பிக்கும். அதன்பிறகும் பணம் உறுத்தினால் ஸ்பீக்கரில் அல்லது நல்ல ஒயர் ஹெட்போனில் போடுங்கள். தங்க முலாம் பூசிய கேபிளில் போடாதீர்கள்.

"எங்க அப்பத்தா பாடின தாலாட்டு ஒரு கேசட்டுல இருக்கு. ஏஐ வச்சு சுத்தமாக்கித் தர்றாங்களாமே, செய்யலாமா?"

செய்யலாம், ஆனால் இரண்டாவது வேலையாக. முதல் வேலை, மேலே சொன்னபடி ஹெட்டைச் சுத்தம் செய்து, சாய்வைச் சரிபார்த்து, 24 பிட்டில் ஒரு பதிவு எடுப்பது. இரைச்சல், கொட்டாவி, பின்னால் கேட்கும் கோழிச் சத்தம் எதையும் தொடக் கூடாது. அதை ஃபிளாக்காக இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்துவிட்டு, இன்னொரு காப்பியில் என்ன வேண்டுமானாலும் செய்து பாருங்கள்.

இரைச்சல் இருக்கும் அதே எல்லையில்தான் 'ச', 'ஸ' எழுத்துகளும் மூச்சும் வளையல் சத்தமும் இருக்கின்றன. அளவோடு குறைத்தால் நன்மை, முழுசாகத் துடைத்தால் அவையும் போகும். ஏஐ முறைகளில் சில, காணாமல் போன ஒலியைத் தானே யூகித்து நிரப்பிவிடும். கேட்கத் தெளிவாக இருக்கும், ஆனால் அந்த இடத்தில் பாடுவது அப்பத்தா இல்லை. சினிமாப் பாட்டு என்றால் எனக்குக் கவலையில்லை, இதில் கொஞ்சம் யோசிப்பேன். செய்தால் பைலின் பெயரிலேயே 'ஏஐ சுத்தம் செய்தது' என்று எழுதி வையுங்கள், பத்து வருடம் கழித்து எது அசல் என்று குழம்ப வேண்டாம்.

கேசட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் முதுகு ஓரத்தில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை இன்றைக்கே உடைத்துவிட்டால், அடுத்து யார் தவறிப்போய் சிவப்புப் பட்டனை அமுக்கினாலும் அதன்மேல் பதிவாகாது.